எக்காளத்தைக் கேட்டவர் யார்?
தளபதி டலேரின் ருவாண்டா நூல்: ஓர் இறையியல் மதிப்பீடு

போர்த்தளபதிகள் எழுதும் நினைவு நூல்கள் இறையியல் கல்லூரியின் வாசிப்பு மேசைக்கு வருவது அரிது. வந்தாலும் அவை பெரும்பாலும் வென்றவர் கூறும் வரலாறாகவே இருக்கும். கனடா நாட்டுத் தளபதி ரோமியோ டலேர் 2003 இல் வெளியிட்ட 'ஷேக் ஹேண்ட்ஸ் வித் தி டெவில்' என்னும் நூலோ தோற்றவர் ஒருவர் அளிக்கும் சாட்சியம். 1994 இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களுக்குள் எட்டு இலட்சம் மக்கள் கொலையுண்டனர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் மிகப் பலர் டூட்சி இனத்தார். அப்பொழுது அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் அமைதி காக்கும் படைக்குத் தலைமை தாங்கியவர் டலேர். அவருடைய நூலை ஆயர்களும் இறையியல் மாணவரும் வாசிக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும் அந்நூலின் தலைப்பு கூறும் இறையியலை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதும் நம் கருத்தே. இவ்விரண்டையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைப்பும் துணைத்தலைப்பும்

பிசாசோடு கைகுலுக்குதல் என்னும் பொருளுடைய இத்தலைப்பு பிறந்த விதத்தை டலேர் நூலின் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். அவர் தாயகம் திரும்பியபின், படையில் ஊழியம் செய்த குருவானவர் ஒருவர், இத்தனையும் கண்டபின் கடவுளை எங்ஙனம் நம்ப முடிகிறது என்று வினவினார். பிசாசைத் தாம் ருவாண்டாவில் நேரில் கண்டு கைகுலுக்கியதாகவும், பிசாசு உண்டென்று அறிந்ததனாலேயே கடவுளும் உண்டென்று அறிவதாகவும் டலேர் மறுமொழி கூறினார்.

அந்தக் கைகுலுக்கல் வெறும் உருவகமன்று. கொலைகளை முன்னின்று நடத்திய இன்டரஹாம்வே என்னும் இளைஞர் படையின் தலைவர்களை 1994 மே மாதத் தொடக்கத்தில் அவர் சந்திக்க நேர்ந்தது. அடைக்கலம் புகுந்தோரைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்ப அக்கொலைஞரின் இசைவு வேண்டியிருந்தது. சினத்தில் அவர்களைச் சுட்டுவிடுவோமோ என்று தம்மையே நம்பாமல், சந்திப்புக்குமுன் தம் கைத்துப்பாக்கியிலிருந்து குண்டுகளை அகற்றிவிட்டதாக அவர் எழுதுகிறார்.

பிரசங்கம் செய்வோரை இக்கதை எளிதில் கவரும். கடவுள் உண்மைக்கு ஒரு தளபதியின் சாட்சி என்று பிரசங்க பீடத்தில் எடுத்துக்கூறத் தூண்டும். அங்ஙனம் செய்யுமுன் நூலின் துணைத்தலைப்பையும் கவனித்தல் நன்று. அது ருவாண்டாவில் மானுடம் அடைந்த தோல்வி என்று கூறுகிறது. தலைப்பு பிசாசைச் சுட்ட, துணைத்தலைப்பு மனிதரைச் சுட்டுகிறது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட இந்நூலின் சான்றுகளெல்லாம் துணைத்தலைப்பின் பக்கமே நிற்கின்றன என்பது நம் துணிபு.

ஒரு நாட்டின் இரு கைகள்

டலேர் எவற்றை நம்பி ருவாண்டா சென்றார் என்பதை அறிய, அவரை அனுப்பிய நாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். 1949 ஏப்ரல் 4 அன்று வட அட்லாண்டிக் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நேட்டோ என்னும் இராணுவக் கூட்டணி பிறந்தது. கனடாவின் சார்பில் அதில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன். 1956 இல் சூயஸ் கால்வாயை முன்னிட்டு இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின்மேல் படையெடுத்தபோது, பொருதுவோரிடையே ஐ.நா. படையொன்றை நிறுத்தலாம் என்று முன்மொழிந்தவரும் அதே பியர்சனே. இதற்காக அவருக்கு 1957 இல் நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது.

பியர்சனுக்கு அன்று இருந்த கவலை எகிப்தைப் பற்றியது மட்டுமன்று. அமெரிக்கா ஒருபுறமும் பிரிட்டனும் பிரான்சும் மறுபுறமுமாக நேட்டோ பிளவுபட்டுப் போகுமோ என்ற அச்சமும் அவரை உந்தியது. ஆகவே, அமைதி காக்கும் படை இராணுவக் கூட்டணிக்கு மாற்றாகத் தோன்றியது என்று எண்ணுவது பிழை. கூட்டணியில் கையொப்பமிட்ட அதே கைதான் இதையும் எழுதிற்று.

இப்படைக்கு மூன்று நெறிகள் வகுக்கப்பட்டன. சம்பந்தப்பட்ட தரப்பினர் இசையவேண்டும். படை நடுநிலை பிறழலாகாது. தற்காப்புக்கன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது. இரண்டு அரசுகளின் சேனைகளுக்கு நடுவே நிற்பதற்கு இந்நெறிகள் ஓரளவு பொருந்தின. நம் இந்திய வீரர்களும் அப்படையில் பத்தாண்டுக்கு மேலாகப் பணிபுரிந்தனர். ஆனால் 1967 இல் எகிப்து தன் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே படை வெளியேறியது. ஜூன் மாதத்தில் போர் மூண்டது. இசைவின்மேல் கட்டப்பட்ட அமைதி இசைவோடு முடிந்துபோயிற்று.

எனினும், நீலத் தலைக்கவசம் கனடாவுக்கு ஒரு தேசியப் பெருமையாக நிலைத்தது. 1992 இல் அந்நாட்டின் தலைநகர் ஒட்டாவாவில் அமைதிப் படையினருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பி, அதற்கு ஒப்புரவு எனப் பெயரிட்டனர். ஒப்புரவு நம் திருச்சபையின் மொழியில் விலையுயர்ந்த சொல். அது சிலுவையில் வாங்கப்பட்டது என்று பவுல் அடிகளார் கற்பிக்கிறார் (2 கொரி. 5:18-21). அந்நாடு அதன் விலையை விரைவில் அறியலாயிற்று. 1993 மார்ச்சில் சோமாலியாவுக்குச் சென்றிருந்த கனடா வான்குடைப் படையினர் சிலர், முகாமருகே பிடிபட்ட பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனை வதைத்துக் கொன்றனர். அப்படைப்பிரிவே 1995 இல் கலைக்கப்பட்டது. நீலத் தலைக்கவசம் தன்னை அணிந்தவனைப் புனிதனாக்குவதில்லை.

ஊதப்பட்ட எக்காளம்

1993 ஆகஸ்டில் ருவாண்டா அரசும், பெரும்பாலும் டூட்சி அகதிகளால் அமைந்த கிளர்ச்சிப் படையும் அருஷா நகரில் உடன்படிக்கை செய்துகொண்டன. அதைக் கண்காணிக்க அக்டோபர் 5 அன்று பாதுகாப்புச் சபை ஒரு படையை நிறுவியது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் தொடங்கிய சண்டையில் அமெரிக்க வீரர் 18 பேர் மாண்டனர். அந்தச் சாவுகளின் நிழலில் பிறந்த படை இது. கனடா இதற்குத் தளபதியை அளித்தது. படைப்பிரிவு எதனையும் அளிக்கவில்லை. டலேருடன் தொடக்கத்தில் சென்ற கனடா அதிகாரி பிரென்ட் பியர்ட்ஸ்லி ஒருவரே.

1994 ஜனவரி 11 அன்று டலேர் நியூயார்க்குக்கு ஓர் அவசரச் செய்தி அனுப்பினார். இன்டரஹாம்வேயின் உள்விவரம் அறிந்த ஒருவர் கூறியவை அதில் இருந்தன: தலைநகர் கிகாலியில் ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, டூட்சி மக்களின் பெயர்கள் பதிவு செய்யப்படுகின்றன, இருபது நிமிடத்தில் ஆயிரம் பேரைக் கொல்லத்தக்க பயிற்சி நடக்கிறது, பெல்ஜிய வீரர் சிலரைக் கொன்றால் பெல்ஜியம் படையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்று திட்டமிடப்பட்டுள்ளது. ஆயுதக் கிடங்குகளைக் கைப்பற்றப் போவதாக டலேர் அறிவித்தார். அது படைக்கு வழங்கப்பட்ட அதிகார வரம்பை மீறுவதாகும், செய்யற்க என்று மறுமொழி வந்தது.

ஏப்ரல் 6 இரவு குடியரசுத் தலைவர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானாவும், அவரைக் காக்கச் சென்ற பெல்ஜிய வீரர் பத்துப் பேரும் கொல்லப்பட்டனர். செய்தியில் முன்னுரைத்தபடியே பெல்ஜியம் தன் படையைத் திரும்பப் பெற்றது. கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் பெல்ஜிய வீரரை நம்பி அடைக்கலம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11 அன்று வீரர் வெளியேறினர். அடைக்கலம் புகுந்தோருள் மிகப் பலர் அன்றே வெட்டுண்டு மாண்டனர். வெளிநாட்டாரை மீட்டுச் செல்ல வந்த ஐரோப்பியப் படைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர் இருந்தனர். அவர்கள் தம் இனத்தாரை ஏற்றிக்கொண்டு சென்றுவிட்டனர்.

ஏப்ரல் 21 அன்று, கொலை உச்சத்தில் இருந்த வேளையில், 2,500 பேர் கொண்டதாயிருந்த படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. ருவாண்டா அவ்வாண்டில் அச்சபையின் நிரந்தரமல்லாத உறுப்பு நாடு. எனவே கொலை நடத்திய அரசின் தூதரே அங்கே ஓர் இருக்கையில் அமர்ந்திருந்தார். மே 17 அன்று 5,500 வீரரை அனுப்பச் சபை இசைந்தது. ஜூலையில் கிளர்ச்சிப் படை வெற்றி பெற்றுக் கொலை ஓய்ந்தபோது, அவர்களில் பத்தில் ஒரு பங்கினர்கூட வந்து சேர்ந்திருக்கவில்லை.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 33 ஆம் அதிகாரத்தை நாம் இங்கே நினையாதிருத்தல் இயலாது. பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனிடம் இரத்தப்பழி கேட்கப்படும். ஊதக் கேட்டும் எச்சரிக்கையாய் இராதவனுடைய இரத்தப்பழியோ அவன் தலையின்மேலேயே சுமரும். டலேர் எக்காளம் ஊதினார். ஆயினும் இத்திருமறைப் பகுதியை ருவாண்டாவுக்குப் பொருத்தும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தீர்க்கதரிசியின் உவமையில் எக்காளத்தைக் கேட்பவனும் பட்டயத்துக்கு இரையாகிறவனும் ஒருவனே. ருவாண்டாவில் எக்காளம் கேட்ட செவிகள் நியூயார்க்கில் இருந்தன. பட்டயம் விழுந்த கழுத்துகள் கிகாலியில் இருந்தன. கேளாமற்போனவருக்கு ஒரு கீறலும் இல்லை. பன்னாட்டு அமைப்புகளும் இராணுவக் கூட்டணிகளும் நிறைந்த நம் காலத்தின் புதிய நிலை இதுவே: கேட்பவன் வேறு, மாள்பவன் வேறு. இதற்குரிய பழியை யார் தலையின்மேல் வைப்பது என்னும் கேள்வியை இறையியலார் எடுத்தாள வேண்டும்.

இன்மை என்னும் தீமை

தீமை தனக்கெனத் தனி இயல்பு கொண்ட பொருளன்று, நன்மையின் குறைவே என்று புனித அகுஸ்தீன் கற்பித்ததை நம் மாணவர் பயில்கின்றனர். பெருந்துன்பத்தின் முன்னிலையில் இது உயிரற்ற தத்துவமாகவே பலருக்குத் தோன்றும். எட்டு இலட்சம் பிணங்களுக்கு முன்னால், தீமை ஓர் இன்மை என்று எவன் கூறத் துணிவான்?

ஆனால் டலேரின் நூலை ஊன்றி வாசிப்போருக்கு அகுஸ்தீனின் கூற்று புதிய வலுவுடன் விளங்கும். இந்நூல் பக்கந்தோறும் இன்மைகளின் பட்டியல். வீரர் இல்லை, வாகனங்கள் பழுது, மருந்து இல்லை, நீர் இல்லை, அதிகாரம் இல்லை, மறுமொழி இல்லை. இராணுவ அறிக்கை போன்ற நடை சிலருக்குச் சலிப்பூட்டலாம். நமக்கோ அதுவே நூலின் சிறப்பு எனத் தோன்றுகிறது. ஆசிரியர் புலம்பலை விரிக்காமல் எண்களையும் நேரங்களையும் அடுக்குகிறார். அந்த அடுக்கே புலம்பலாகிறது. ஏப்ரல் 21 ஆம் நாள் தீர்மானத்தில் இன்மை ஒரு தொகையைப் பெற்றது, அத்தொகை 270.

கொலைஞரின் பொறுப்பை இது குறைத்துவிடாது. திட்டமிட்டவர்களும், வானொலியில் ஏவியவர்களும், வெட்டியவர்களும் தத்தம் செயலுக்குக் கணக்கொப்புவிக்கக் கடனாளிகள். பன்னாட்டு நீதிமன்றம் அவர்களுள் பலரைத் தண்டித்தும் இருக்கிறது. ஆயினும் தீமையைக் கொலைஞனின் கையில் மட்டும் காண்போர், நீட்டப்படாத கையைக் காணத் தவறுவர். நன்மை செய்ய அறிந்தும் செய்யாமற்போவது பாவம் என்று யாக்கோபு எழுதினார் (யாக். 4:17). செய்யத் தவறியவற்றுக்காகவும் ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்யும் சபை நம்முடையது. அவ்வறிக்கையைத் தனி மனிதரின் சிறு தவறுகளுக்கு மட்டும் நாம் ஒதுக்கிவிட்டோம். அரசுகளுக்கும் கூட்டணிகளுக்கும் அது பொருந்தும் என்று கற்பிப்பதில்லை.

உயிர்களின் விலையைப் பற்றி இந்நூல் கூறும் ஒரு செய்தி மறக்கவொண்ணாதது. ஓர் அமெரிக்க வீரரின் உயிரைப் பணயம் வைப்பதற்கு 85,000 ருவாண்டர் மாண்டிருக்கவேண்டும் என்று, அந்நாட்டு அதிகாரி ஒருவர் தொலைபேசியில் கணக்குக் கூறியதாக டலேர் எழுதுகிறார். அக்கணக்கைக் கூறியவருக்குக் கொம்பும் வாலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் கடமை தவறாத அலுவலராகவும் நல்ல தந்தையாகவும் இருந்திருக்கலாம். இத்தகையோரைப் பிசாசு என்று அழைத்தால் உண்மையைத் தவற விடுவோம்.

கணக்கு இவ்வாறிருக்க, கணக்குப் பாராமல் நின்றோரும் உண்டு. பிறர் வெளியேறியபோது கானா நாட்டு வீரர் தங்கினர். துனீசியாவின் சிறு பிரிவும் தங்கியது. செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே டியாக்னே ஆயுதமின்றிச் சாவடி சாவடியாகக் கொலைஞரிடம் பேசியும் நகைத்தும் நூற்றுக்கணக்கானோரை மீட்டார். மே 31 அன்று குண்டு வெடித்து மாண்டார். அவர் இஸ்லாமியர். எரிகோவுக்குப் போகும் வழியில் இறங்கி வந்த சமாரியன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்று நம் ஆண்டவர் கேட்கவில்லை. சிறப்பான துணிவுக்கென 2014 இல் பாதுகாப்புச் சபை ஏற்படுத்திய பதக்கம் அவர் பெயரைத் தாங்குகிறது.

நூலின் குறைகள்

மதிப்பீடு செய்வோர் குறைகளையும் கூறக் கடமைப்பட்டவர்கள். முதலாவது, இது தற்காப்பு நூலுமாகும். ஏப்ரல் 7 அன்று கிகாலி இராணுவ முகாமைக் கடந்து சென்றபோது, பெல்ஜிய வீரர் இருவர் தரையில் கிடந்ததை டலேர் கண்டார், மீட்க முயலவில்லை. மீட்கும் வலிமை தம்மிடம் இருக்கவில்லை என்பது அவர் வாதம். பெல்ஜியத்தில் இதற்காக அவர் கடுமையாகக் குறைகூறப்பட்டார். ஐ.நா. பொதுச்செயலரின் சிறப்புப் பிரதிநிதியாக ருவாண்டாவில் பணியாற்றிய ழாக்-ரோஜே பூ-பூவும் 2005 இல் ஒரு மறுப்பு நூல் எழுதினார். ஒருதலையாக வாசித்தல் தகாது.

இரண்டாவது, நியூயார்க், வாஷிங்டன், பாரிஸ் ஆகியவற்றின்மேல் பொழியும் சினம் ஒட்டாவாவை நெருங்கும்போது தணிகிறதோ என்று நமக்கு ஐயம் எழுகிறது. கொலை நடந்த நாட்களில் கனடா சில அதிகாரிகளையும் ஹெர்குலிஸ் விமானங்களையும் அனுப்பியது உண்மையே. பல நாடுகள் அதுவும் செய்யவில்லை. ஆயினும் அமைதிப் படையின் தாயகம் எனப் பெருமை கொண்ட நாடு, தளபதியை மட்டும் அனுப்பிவிட்டுப் படையை மறுத்தது ஏன் என்னும் கேள்வி இன்னும் கூர்மையாக எழுப்பப்பட்டிருக்கலாம்.

மூன்றாவது குறை நமக்கு மிக நெருங்கியது. ருவாண்டா மக்களுள் பெரும்பான்மையோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அடைக்கலம் தேடி மக்கள் ஓடிய ஆலயங்களே கொலைக்களங்களாயின. ந்தராமா, ந்யாமட்டா ஆலயங்கள் இன்று நினைவிடங்கள். முகோனெரோவில் நடந்த கொலைகளுக்காக ஒரு போதகர் 2003 இல் பன்னாட்டு நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். ந்யாங்கேயில் மக்கள் நிறைந்திருந்த ஆலயத்தை இயந்திரங்களால் இடித்துத் தள்ளிய குற்றத்துக்காக அதன் குருவுக்கு 2008 இல் ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. டலேர் ஆலயப் படுகொலைகளைக் கூறுகிறார். ஆனால் திருச்சபை என்ன கற்பித்தது, என்ன கற்பிக்கவில்லை என்று விசாரிப்பதில்லை. அவ்விசாரணை தளபதியின் கடமையன்று; நம்முடையது. பிசாசு என்னும் தலைப்பு நம்மை அதிலிருந்து விடுவித்துவிடும். டலேர் குலுக்கிய கைகள் ஞானஸ்நானம் பெற்ற கைகளாகவும் இருந்திருக்கக்கூடும் என்பதை நாம் மறைக்கலாகாது.

கூட்டணிகளின் மறுமொழி

ருவாண்டாவுக்குப்பின் உலகம் என்ன கற்றது? 1999 மார்ச்சில் கொசோவோ மக்களைக் காப்பதற்கென்று கூறி, பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி நேட்டோ யூகோஸ்லாவியாவின்மேல் குண்டு வீசியது. கனடா விமானங்களும் பங்கு பெற்றன. 2000 இல் கனடா அரசின் முயற்சியால் ஒரு பன்னாட்டுக் குழு அமைந்தது. தன் மக்களைக் காக்கத் தவறும் அரசின் இடத்தில் காக்கும் பொறுப்பு பிற நாடுகளைச் சாரும் என்று அது 2001 இல் அறிக்கையிட்டது. 2005 இல் ஐ.நா. உச்சி மாநாடு அக்கொள்கையைச் சில வரம்புகளுடன் ஏற்றது. 2011 இல் பாதுகாப்புச் சபையின் தீர்மானத்தைக் கொண்டு நேட்டோ லிபியாவில் தாக்குதல் நடத்தியபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் கனடா நாட்டுத் தளபதி சார்ல்ஸ் பூஷார். அங்கே ஆட்சி வீழ்ந்தது, அமைதி வரவில்லை.

டலேர் 1994 இல் கேட்டது வேறு. மக்களுக்கு அருகில் நிற்கப் பயிற்சி பெற்ற சுமார் 5,000 வீரரை அவர் கேட்டார். கூட்டணிகள் பின்னர் அளித்தது வானிலிருந்து வீசிய குண்டு. அருகில் நிற்பவன் தன் உயிரையும் பணயம் வைக்கிறான். வானிலிருந்து வீசுபவன் பெரும்பாலும் வைப்பதில்லை. ஆகவே 85,000 என்னும் கணக்கு மாறவில்லை, வேறு உருவம் கொண்டது என்றே நாம் கருதுகிறோம். இன்று கனடா நேட்டோவின் சார்பில் லாத்வியாவில் ஒரு பன்னாட்டுப் படைக்குத் தலைமை தாங்குகிறது. அங்கே செல்வதற்கு நியாயமான அச்சங்கள் உண்டு. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஐ.நா.வின் நீலத் தலைக்கவசம் அணிந்த கனடா வீரரை எண்ண இன்று நூறு வரை எண்ண வேண்டியதில்லை. கூட்டணி நண்பனைக் காக்கும். நண்பர் இல்லாதவனைக் காப்பவர் யார்?

ஆயர் பணிக்கு

ஒரு நாடு படையுடன் வெளியே செல்லும்போது, அது நேட்டோவின் பெயரால் செல்கிறதா, ஐ.நா.வின் பெயரால் செல்கிறதா என்பதோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடலாகாது. அந்நாட்டின் கணக்கில் யாருடைய உயிர் எத்தனைக்குச் சமம் என்று கேட்கவேண்டும். எல்லா மனிதரும் மனிதர்தாமா, அன்றிச் சிலர் பிறரிலும் அதிகம் மனிதரா என்று டலேர் நூலின் முடிவில் கேட்கிறார். கடவுளின் சாயல் பற்றிய கோட்பாட்டை வகுப்பில் கற்பிப்போர் இதைவிடக் கூர்மையான கேள்வியைக் காண்பது அரிது. ஐ.நா.வின் அமைதிப் பணிக்கு மிகுதியாக வீரரை அனுப்பும் நாடுகளுள் நம் நாடும் ஒன்றாதலின், இக்கேள்வி நமக்கும் உரியது.

இறுதியாக டலேரையே நினைக்கிறோம். எசேக்கியேலின்படி எச்சரித்த காவற்காரன் தன் ஆத்துமாவைத் தப்புவித்தவன். டலேருக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. மனநோய்க்கு ஆளாகி 2000 இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டில் ஒருநாள் பூங்கா ஒன்றில் நினைவிழந்த நிலையில் காணப்பட்டார். எக்காளத்தைக் கேட்டும் கேளாதிருந்தோர் உணராத குற்றத்தை, ஊதியவர் சுமந்தார். படைக்குருவானவர் அவரிடம் கேட்ட கேள்வி கடவுள் நம்பிக்கையைப் பற்றியது. அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சுமை முழுவதும் உம்முடையதா? நம் சபைகளிலும் படைப்பணி முடித்துத் திரும்பியோர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் யாரேனும் ஒருநாள் ஆயர் இல்லத்துக் கதவைத் தட்டக்கூடும். கடவுள் உண்மைக்கு அவரிடம் சான்று தேடாமல், அவர் சுமப்பதில் நம் பங்கு எவ்வளவு என்று அவரோடு அமர்ந்து எண்ணிப் பார்க்க இந்நூல் நம்மை ஆயத்தப்படுத்துமாயின், அதை வாசித்ததன் பயன் பெற்றவர்களாவோம்.